பழ ஈயின் சிறகில் ஹிப்போ பாதையைச் சோதிப்பது எப்படி: தாளில் வரைவது முதல் வரிசைச் சோதனை வரை

ஒரே ஒரு சோதனையைத் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பழ ஈயின் சிறகில் ஒரு மரபணுவை அடக்கினால் திசு கூடுதலாக வளர்கிறதா, குறைகிறதா? அந்த மாற்றம், உறுப்பின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் புரதச் சங்கிலியான ஹிப்போ பாதை வழியாக வருகிறதா? இவைதாம் கேள்விகள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்த வேலையைச் செய்துகொண்டே, புதிதாகச் சேரும் மாணவர்கள் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்து எழுதியது இது.

தடுமாற்றங்களில் பெரும்பாலானவை கைப்பழக்கம் போதாமையால் வருவதில்லை. வேலைகளின் வரிசை மாறுவதால் வருகின்றன. ஈக்களைக் கலந்த பிறகு ஒப்பீட்டுக் குழுவைத் தேடுகிறார்கள். சிறகுகளைப் படமெடுத்த பிறகு எதை அளப்பது என்று யோசிக்கிறார்கள். "சிறகு பெரிதாகிவிட்டது" என்பது இந்தச் சோதனையில் விடையே ஆகாது. செல்களின் எண்ணிக்கை கூடியதா, ஒவ்வொரு செல்லும் பருத்ததா என்று சொன்னால்தான் எந்தப் பாதையைச் சந்தேகிக்கலாம் என்பது தெரியும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்காக வரிசைப்படுத்தப்பட்டவை.

1. பாதையை முதலில் தாளில் வரையுங்கள்

ஹிப்போ, வார்ட்ஸ் இரண்டும் பிற புரதங்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் நொதிகள். ஹிப்போ தன் துணையான சால்வடாருடன் சேர்ந்து வார்ட்ஸைத் தூண்டுகிறது. வார்ட்ஸ் தன் துணையான மேட்ஸுடன் சேர்ந்து யார்க்கி என்ற புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய யார்க்கி உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் தங்கிவிடும்.

பாஸ்பேட் ஏறாத யார்க்கி உட்கருவுக்குள் போய், ஸ்காலப்ட் என்ற புரதத்தோடு இணைந்து, சைக்ளின் இ, டையாப்1, பேண்டம் முதலியவற்றை இயக்குகிறது. சைக்ளின் இ செல் பிரிதலை முடுக்குகிறது. டையாப்1 செல் சாவைத் தடுக்கிறது. பேண்டம் என்ற நுண் ஆர்.என்.ஏ. இரண்டு வேலைகளிலும் கைகொடுக்கிறது.

இதை வரையச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹிப்போவும் வார்ட்ஸும் வளர்ச்சியை அடக்குபவை. அவற்றைக் குறைத்தால் சிறகு பெரிதாகும். யார்க்கி வளர்ப்பது, அதைக் குறைத்தால் சிறகு சிறுக்கும். "ஹிப்போ வளர்ச்சிக்கான மரபணு" என்று மனத்தில் பதித்துக்கொண்டு வருபவர்கள் கிடைத்த முடிவைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கலப்புக்கும் எதிரே, அதைத் தொடங்கும் முன்பே, எதிர்பார்க்கும் திசையை அம்புக்குறியால் போட்டுவையுங்கள்.

மேல்நிலையில் ஃபேட், எக்ஸ்பாண்டட், மெர்லின், கிப்ரா ஆகிய புரதங்களையும் சேருங்கள். எக்ஸ்பாண்டட் இரண்டு இடங்களில் வரும். அது யார்க்கியை அடக்கும் புரதம். யார்க்கியே இயக்கும் மரபணுவும் அதுதான். யார்க்கி அளவு மீறாதபடி பாதை தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கடிவாளம் அது. இதை மறந்தால் பத்தாம் படியில் குழம்புவீர்கள்.

பக்கத்திலேயே இன்சுலின்-டோர் பாதையையும் வரையுங்கள். சிக்கோவும் எஸ்6 கைனேஸும் அதன் உறுப்புகள். ஈ உண்ணும் சத்து இந்தப் பாதை வழியாகத்தான் உடல் அளவாக மாறுகிறது. இதை வரையாதவர்களுக்கு மூன்றாம் படியின் முக்கியத்துவம் பிடிபடுவதில்லை.

2. அனுமதியும் ஈ வகைகளும்

தென்னாப்பிரிக்காவில் முதல் வேலை காகித வேலைதான். உயிருள்ள மரபணு மாற்றிய ஈக்களை இறக்குமதி செய்ய 1997ஆம் ஆண்டின் மரபணு மாற்றிய உயிரிகள் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அது கைக்கு வருமுன் ஈக்களை அனுப்பச் சொல்லாதீர்கள். சுங்கத்தில் தங்கிய குப்பி கோடை வெப்பத்தில் செத்த ஈக்களோடுதான் வந்து சேரும்.

தேவையான ஈக்களில் முதல் வகை இயக்கி ஈ. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த கேல்4 புரதத்தைக் குறிப்பிட்ட திசுவில் மட்டும் உண்டாக்குவது இதன் வேலை. சிறகுப் பகுதி முழுவதற்கும் நபின்-கேல்4, சிறகின் பின்பாதிக்கு மட்டும் எங்ரெயில்ட்-கேல்4. இரண்டையும் வைத்திருங்கள். பின்பாதியை மட்டும் மாற்றும்போது அதே சிறகின் முன்பாதி ஒப்பீடாக நிற்கும். இதற்கு நிகரான வசதி வேறில்லை.

இரண்டாவது வகை, கேல்4 வந்து ஒட்டினால் மட்டும் இயங்கும் யூ.ஏ.எஸ். தொடரைச் சுமக்கும் ஈ. அதன் பின்னால் உங்கள் மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு வரிசை இருக்கும். ஒவ்வொரு மரபணுவுக்கும் வெவ்வேறு பகுதிகளைக் குறிவைக்கும் இரண்டு வகைகளையாவது வாங்குங்கள். ஒரே வகையில் கிடைக்கும் முடிவு, குறி தவறி வேறு மரபணுவை அடக்கியதால் வந்ததாகவும் இருக்கலாம். புளூமிங்டன், வியன்னா ஆகிய இரண்டு ஈ வங்கிகளிலும் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

வியன்னா வங்கியின் கே.கே. என்ற குறுக்கீட்டு ஈக்களின் தொகுப்பில் தனிக் கவனம் வேண்டும். அதில் ஏறக்குறைய கால்பங்கு வகைகளில் டிப்டாப் என்ற புரதம் தேவையில்லாத இடத்தில் உண்டாகி, ஹிப்போ பாதை வலுத்துவிட்டதுபோல் பொய்த்தோற்றம் தருகிறது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. உண்மையான மிகைவளர்ச்சியைக்கூட அது மறைத்துவிடும். நாம் தேடும் பாதையிலேயே விழும் பொய் இது. கே.கே. வகையை வாங்கினால் இந்தக் குறை அதில் உண்டா என்று சோதித்த பிறகே கலப்புக்கு எடுங்கள்.

வந்த குப்பிகளை இரண்டு தலைமுறை வரை தனித் தட்டில் வைத்திருங்கள். சிலந்திப்பேன் ஒரு குப்பியில் வந்தால் போதும், முழு அலமாரிக்கும் பரவிவிடும்.

3. உணவையும் வெப்பத்தையும் கட்டிப்போடுங்கள்

மரபணுவை மாற்றாமலேயே சிறகின் அளவை மாற்ற எளிய வழிகள் மூன்று: சத்து, வெப்பம், நெரிசல். ஒப்பீட்டுக் குழுவுக்கும் சோதனைக் குழுவுக்கும் இவற்றில் ஏதாவது ஒன்று வேறுபட்டால், நீங்கள் அளப்பது மரபணுவின் விளைவு அல்ல.

உணவுக்கு இங்கே மீலி மீல் என்று கடைகளில் கிடைக்கும் மக்காச்சோள மாவு போதும். அதோடு ஈஸ்ட், சர்க்கரை, அகார், பூஞ்சைத் தடுப்புக்கு நிப்பாஜின் அல்லது புரோப்பியானிக் அமிலம். இந்நாட்டில் விற்கும் மக்காச்சோள மாவில் 2003 முதல் வைட்டமின்களும் இரும்பும் துத்தநாகமும் சேர்க்கப்படுகின்றன. மாவு எவ்வளவு தீட்டப்பட்டது என்பதும் பைக்குப் பை வேறுபடும். எனவே ஒரு சோதனைக்கு ஒரே பை மாவு, ஒரே தடவையில் காய்ச்சிய உணவை ஊற்றிய குப்பிகள் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் கூடினால் இன்சுலின்-டோர் பாதை தூண்டப்படும். அதை நாளைக்கு ஒரு புதிய மரபணுவின் பெயரில் எழுத நேரும்.

வெப்பம் 25 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் முட்டையிலிருந்து ஈ வெளிவர ஏறத்தாழ 10 நாட்கள் ஆகும். 18 டிகிரியில் அதைப்போல் இரண்டு மடங்கு. 29 டிகிரியில் கேல்4 வலுவாக இயங்கும், சாதாரண ஈக்களின் சிறகும் சற்றுச் சிறுக்கும். மின்வெட்டு வரும் நாட்களில் வளர்ப்புப் பெட்டி அறையின் வெப்பத்துக்கு வந்துவிடுகிறது. டர்பன் கோடையில் அது எவ்வளவு ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. பெட்டிக்குள் வெப்பத்தைத் தானே பதிவு செய்யும் கருவி ஒன்றை வையுங்கள். இரு குழுக்களின் குப்பிகளையும் ஒரே தட்டில் மாற்றி மாற்றி அடுக்குங்கள். அப்போது மின்சாரம் போனாலும் இரண்டும் சேர்ந்தே சூடாகும், ஒப்பீடு கெடாது.

மாம்பழமும் லிச்சியும் வரும் டிசம்பரில் வெளி ஈக்கள் எங்கும் பறக்கும். குப்பியின் பஞ்சு தளர்ந்திருந்தால் உள்ளே புகுந்துவிடும். ஆய்வகத்துக்குள் பழம் கொண்டுவராதீர்கள்.

4. கன்னி ஈக்களைச் சேகரித்தல்

பெண் ஈ விந்தைச் சேமித்து வைத்துப் பல நாட்கள் பயன்படுத்தும். ஏற்கெனவே இணைந்த பெண்ணை எடுத்தால் உங்கள் கலப்பில் வேறு தந்தையின் பிள்ளைகள் பிறக்கும்.

காலையில் குப்பியிலுள்ள ஈக்கள் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். 25 டிகிரியில் அடுத்த 8 மணி நேரத்துக்குள் வெளிவரும் பெண்களை எடுத்துவிடுங்கள். மாலையில் நேரம் கிடைக்காவிட்டால் வெளியேற்றிய குப்பியை 18 டிகிரியில் வைத்தால் மறுநாள் காலை வரை தாங்கும். வெளிறிய உடலும், வயிற்றில் தெரியும் கரும்பச்சைப் புள்ளியும் இப்போதுதான் வெளிவந்த ஈக்கு அடையாளம்.

சேகரித்த பெண்களை ஆண்கள் இல்லாமல் தனிக் குப்பியில் சில நாட்கள் வைத்துப் பாருங்கள். புழு தோன்றினால் அந்தக் குப்பியையே தள்ளிவிடுங்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க விரும்புபவர்கள் பிறகு பல வாரங்களை இழக்கிறார்கள்.

5. கலப்பும் ஒப்பீட்டுக் குழுவும்

கன்னிகளை இயக்கி வகையிலிருந்து எடுங்கள், ஆண்களை யூ.ஏ.எஸ். வகையிலிருந்து. ஒரே இயக்கியைப் பல வகைகளோடு கலக்கப் போவதால் ஒரே இடத்தில் கன்னிகளைச் சேர்த்தால் போதும். இயக்கி எக்ஸ் குரோமோசோமில் இருந்து, ஆண் ஈக்களை அளப்பதானால் இது வசதிக்காக அல்ல, கட்டாயம்: தந்தையின் எக்ஸ் மகனுக்குப் போகாது.

ஒப்பீட்டுக்கு வெறும் சாதாரண ஈ போதாது. அதே இயக்கியை, ஈயில் இல்லாத ஒரு மரபணுவைக் குறிவைக்கும் குறுக்கீட்டு வகையோடு கலந்து பெறும் பிள்ளைகள் வேண்டும். மின்மினியின் ஒளி நொதியான லூசிஃபெரேஸைக் குறிவைக்கும் வகை இதற்கென்றே கிடைக்கிறது. கேல்4, குறுக்கீட்டு இயந்திரம், செருகிய இடம் எல்லாம் சமமாகி, இலக்கு மட்டும் வேறாகும்.

உங்கள் வகை கர்லி சமன்செய் குரோமோசோமோடு (துண்டு மாற்றத்தைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியும் அடையாளம் கொண்ட குரோமோசோம்) வந்தால் பாதிப் பிள்ளைகளின் சிறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அவற்றில் குறுக்கீடு இல்லை. நேர்ச்சிறகு உள்ளவையே உங்களுக்குரியவை. சுருண்டவற்றை ஒப்பீட்டுக் குழுவாக எடுக்கும் ஆசை வரும். சுருண்ட சிறகைத் தட்டையாக்கி அளக்க முடியாது, எடுக்காதீர்கள்.

6. நெரிசலைச் சமப்படுத்துங்கள்

ஒரு குப்பியில் முட்டைகள் மிகுந்தால் புழுக்களுக்கு உணவு போதாமல் ஈக்கள் சிறுத்துப்போகும். பெற்றோரை நாள்தோறும் அதே நேரத்தில் புதுக் குப்பிக்கு மாற்றுங்கள். அதற்கும் மேலான வழி, புதிதாகப் பொரித்த புழுக்களை எண்ணி எல்லாக் குப்பிகளுக்கும் ஒரே எண்ணிக்கையில் பிரித்துப் போடுவது. குப்பிக்கு 50 என்பது நல்ல அளவு.

முதல் நாளில் வெளிவந்தவற்றை மட்டும் எடுத்து நிறுத்திவிடாதீர்கள். சிறகு வட்டு (புழுவுக்குள் இருந்து பின்னர் சிறகாகும் திசு) மிகையாக வளரும் புழு, கூட்டுப்புழுவாகத் தாமதிக்கக்கூடும். முந்தி வந்தவற்றை மட்டும் அளந்தால் விளைவு குறைந்தவற்றையே தேர்ந்தெடுத்தவர் ஆவீர்கள்.

7. சிறகை எடுத்துப் பதித்தல்

சிறகு முழுதாக விரிய ஒரு நாள் விடுங்கள். பிறகு ஈக்களை 70 விழுக்காடு எத்தனாலில் போடுங்கள். பெண் ஈயின் சிறகு ஆணுடையதைவிடப் பெரிது. ஒரே பாலை மட்டும் அளவிடுங்கள். ஓர் ஈயிலிருந்து ஒரே ஒரு சிறகு, எப்போதும் ஒரே பக்கம். ஒரே ஈயின் இரு சிறகுகளும் தனித்தனிச் சான்றுகள் அல்ல. அவற்றை இரண்டாக எண்ணினால் புள்ளியியல் பொய்யாக வலுக்கும். குழுவுக்கு 20 சிறகுகள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிமூட்டோடு கிள்ளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் யூபரால் என்ற பதிக்கும் பிசின் துளியில் மேற்புறம் மேலே இருக்குமாறு பதியுங்கள். காற்றுக்குமிழ் சிறகின் மேல் நின்றால் அந்தச் சிறகைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

8. அளத்தல்

சோதனையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது.

எல்லாச் சிறகுகளையும் ஒரே உருப்பெருக்கத்தில், அளவுகோல் படத்தோடு எடுங்கள். கோப்புகளின் பெயரில் குழுவின் பெயர் இருக்கக்கூடாது. வேறொருவரிடம் எண்ணிட்டுத் தரச் சொல்லிவிட்டு அளந்தால் கண் விரும்பியதைக் காணாது. ஃபிஜி மென்பொருளில் சிறகின் வெளிக்கோட்டை வரைந்து பரப்பை எடுங்கள். அடிமூட்டுப் பகுதியை விட்டுவிட்டு, ஒவ்வொரு சிறகிலும் அதே இரண்டு நரம்புச் சந்திப்புகளில் தொடங்கி முடியுங்கள்.

அடுத்தது செல்கள். ஈயின் சிறகுப் பரப்பில் ஒவ்வொரு செல்லும் ஒரு நுண்மயிரை விடுகிறது. மயிரை எண்ணினால் செல்லை எண்ணியதாகும். சாயம் வேண்டாம், விலையுயர்ந்த நுண்ணோக்கியும் வேண்டாம். இதைத் தெரிந்துகொள்ளாமலேயே பரப்பை மட்டும் அளந்து நிறுத்திவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் வருகிறது. பாதிப் பதில் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிறது.

நான்காவது, ஐந்தாவது நீள்நரம்புகளுக்கு நடுவே, குறுக்குநரம்பிலிருந்து ஒரே தொலைவில், ஒரே அளவுச் சதுரம் ஒன்றைக் குறியுங்கள். உள்ளிருக்கும் மயிர்களை எண்ணுங்கள். இடம் மாறக்கூடாது, மயிர் அடர்த்தி சிறகு முழுவதும் ஒன்றாக இல்லை.

சிறகு இரண்டு படலங்களால் ஆனது. மேற்படலத்தின் மயிர்களும் கீழ்ப்படலத்தின் மயிர்களும் வெவ்வேறு குவியத்தில் தெரியும். புதியவர்கள் இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டு, ஒவ்வொரு செல்லின் பரப்பும் பாதியாகிவிட்டது என்று எழுதுகிறார்கள். மேற்படலத்தில் குவியத்தை நிறுத்தி, மங்கலாகத் தெரிபவற்றை விட்டுவிடுங்கள்.

சதுரத்தின் பரப்பை மயிர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு செல்லின் பரப்பு. சிறகின் பரப்பை அதனால் வகுத்தால் ஒரு படலத்தின் செல் எண்ணிக்கை, ஏறத்தாழ.

எங்ரெயில்ட் இயக்கியைப் பயன்படுத்தினால் பின்பாதிப் பரப்பை முன்பாதிப் பரப்பால் வகுத்த விகிதத்தையும் குறியுங்கள். எல்லைக்கு நான்காவது நீள்நரம்பை அடையாளமாகக் கொள்ளலாம். உண்மையான எல்லை அதற்குச் சற்று முன்னால் ஓடுகிறது என்றாலும் எல்லாச் சிறகிலும் அதே கோட்டைப் பிடித்தால் ஒப்பீடு சரியாகவே வரும். ஒரு பாதியின் வளர்ச்சி மற்றதையும் சற்றே பாதிக்கக்கூடும், ஆகவே விகிதத்தோடு இரு பாதிகளின் நேரடிப் பரப்பையும் கொடுங்கள்.

9. எண்களை வாசித்தல்

பரப்பு கூடி, செல் பரப்பு ஏறத்தாழ அப்படியே இருந்து, எண்ணிக்கை கூடியிருந்தால் ஹிப்போ பாதையைச் சந்தேகிக்கலாம். வார்ட்ஸை அடக்கிய சிறகில் எதிர்பார்ப்பது இதுவே. செல்கள் சிறுத்து எண்ணிக்கை மாறாவிட்டால் எஸ்6 கைனேஸ் பக்கம் பாருங்கள். அளவும் எண்ணிக்கையும் சேர்ந்து குறைந்தால் அது சிக்கோ குறைந்த ஈயின் சாயல்.

நரம்புகள் காணாமல் போயிருந்தாலோ விளிம்பு கிழிந்திருந்தாலோ நிறுத்துங்கள். அது டெக்காபென்டாப்ளேஜிக், விங்லெஸ் போன்ற வடிவமைக்கும் பாதைகள் கலைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அத்தகைய சிறகின் பரப்பை வெறும் வளர்ச்சிக் கணக்கில் எழுதக்கூடாது. மிகைவளர்ச்சியால் மடிந்துபோன சிறகுக்கும் இதே விதி: வெப்பத்தைக் குறைத்து கேல்4இன் வலுவைத் தணித்து மறுபடி செய்யுங்கள். ஒப்பீட்டுக் குழுவும் அதே வெப்பத்துக்கு மாற வேண்டும்.

10. புழுவின் சிறகு வட்டில் பாதையை நேரில் பார்த்தல்

வளர்ந்த சிறகு கடந்தகாலத்தின் பதிவு. பாதை இயங்கியதா என்பதை அது இயங்கும் நேரத்திலேயே பார்க்க வேண்டும். உணவை விட்டுக் குப்பிச் சுவரில் ஏறித் திரியும் மூன்றாம் பருவப் புழுவை எடுங்கள்.

வகை டி.எம்.6பி சமன்செய் குரோமோசோமோடு இருந்தால் குட்டையாகத் தடித்த புழுக்களை ஒதுக்குங்கள். கர்லியைப் புழுநிலையில் கண்டுபிடிக்க முடியாது. ஒளிரும் புரதம் சேர்த்த கர்லி வகைக்கு மாற்றிக்கொள்ளாமல் இந்தப் படிக்கு வராதீர்கள்.

புழுவை உப்புக் கரைசலில் பாதியாக வெட்டி உட்புறம் வெளியே வருமாறு திருப்புங்கள். 4 விழுக்காடு பாரஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம். பிறகு டிரைட்டன் என்ற சோப்புப் பொருள் கலந்த கரைசலில் கழுவி எதிர்ப்பொருளில் ஊறவையுங்கள். டையாப்1 அளவும் எக்ஸ்பாண்டட் மரபணுவின் லாக்-இசட் அறிவிப்பியும் (அந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும் அடையாளம்) பார்க்க வேண்டியவை. எங்ரெயில்ட் இயக்கியோடு ஒளிரும் பச்சைப் புரதத்தையும் சேர்த்தால் பின்பாதி தானே அடையாளம் காட்டும்.

பின்பாதியில் எக்ஸ்பாண்டட் அறிவிப்பி கூடியிருப்பதைக் கண்டு, அடக்கும் மரபணு கூடியதால் பாதை வலுத்தது என்று எழுதிவிடுகிறார்கள். முதல் படியின் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அறிவிப்பி கூடினால் யார்க்கி இயங்குகிறது என்று பொருள். அதாவது ஹிப்போ பாதை தளர்ந்திருக்கிறது.

செல் சாவையும் தனியே சாயமிட்டுப் பாருங்கள். எண்ணிக்கை கூடியது பிரிதல் கூடியதாலா, சாவு குறைந்ததாலா என்பதை மயிர்க்கணக்கு சொல்லாது.

11. வரிசைச் சோதனை

உங்கள் மரபணு யார்க்கிக்கு மேலே நிற்கிறதா என்பது கடைசிக் கேள்வி. அந்த மரபணுவையும் யார்க்கியையும் ஒரே சிறகில் சேர்த்து அடக்குங்கள். மரபணுவை மட்டும் அடக்கினால் பெரிய சிறகும், இரண்டையும் அடக்கினால் யார்க்கியை மட்டும் அடக்கியதைப் போன்ற சிறிய சிறகும் வந்தால், யார்க்கி கீழே இருக்கிறது என்ற கருத்துக்கு அது வலுச் சேர்க்கும்.

இங்கே விழும் பெரிய ஓட்டை கேல்4 பங்கிடப்படுவது. ஒரே அளவு கேல்4, இரண்டு யூ.ஏ.எஸ். தொடர்களுக்கும் பிரிந்து போகும்போது ஒவ்வொன்றும் வலுக்குறையும். மிகைவளர்ச்சி தணிந்தது யார்க்கி குறைந்ததாலா, பங்கு பிரிந்ததாலா என்று சொல்ல முடியாது. எனவே எல்லாக் குழுக்களிலும் யூ.ஏ.எஸ். எண்ணிக்கை இரண்டாகவே இருக்கட்டும்: உங்கள் மரபணுவோடு லூசிஃபெரேஸ் குறுக்கீடு, யார்க்கியோடு லூசிஃபெரேஸ், உங்கள் மரபணுவோடு யார்க்கி, லூசிஃபெரேஸ் இரண்டு. நான்கு கலப்புகளையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

இந்த ஈக்களைக் கட்டும்போது, இயக்கியும் யூ.ஏ.எஸ். தொடரும் ஒரே இரண்டாம் குரோமோசோமில் சேர்ந்திருந்தால் அவற்றை ஆண் வழியாகவோ சமன்செய் குரோமோசோமோடோ கடத்துங்கள். பழ ஈயின் ஆணில் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதில்லை. பெண்ணில் மாற்றிக்கொள்ளும், உங்கள் சேர்க்கை கலைந்துவிடும்.

இரண்டையும் அடக்கிய சிறகு நடுத்தர அளவில் வந்தால் அதை வரிசைக்கான சான்றாக எழுதாதீர்கள். குறுக்கீடு மரபணுவை முழுதாக அணைப்பதில்லை. மீதி நிற்கும் யார்க்கியே அந்த நடுத்தர அளவுக்குப் போதும். இரண்டாவது யார்க்கி வகையோடு மீண்டும் கலந்து, அதே குழுவின் புழு வட்டுகளில் யார்க்கி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எதிர்ப்பொருளால் பார்த்த பிறகு சிறகுகளை அளக்கத் தொடங்குங்கள்.